சிக்னேச்சர் பிக்கப்: பெயரைப் பார்த்துப் பணம் கொடுப்பதற்கு முன்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலின் பிரம்மோற்சவம் விநாயக சவிதியன்று தொடங்கி 21 நாள் நடக்கும். அந்த நாட்களில் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் பந்தல், தெருவுக்குத் தெரு பாட்டுக் கச்சேரி. ஆர்கெஸ்ட்ராவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் நாலு காசு பார்க்கும் பருவம் அது. அதற்கு முன்பே கருவியைச் சரிபார்த்து, புது பிக்கப் ஒன்றையும் மாட்டிவிட நினைப்பவர்கள் ஆன்லைனில் தேடுகிறார்கள். அங்கே ஒரே தோற்றத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஆயிரத்துச் சொச்சம், மற்றது பத்தாயிரத்துக்கு மேல். இரண்டிலும் அதே ராக் நட்சத்திரத்தின் பெயர்.

அந்த விலையில் கலைஞரின் பெயருக்கு எவ்வளவு, காந்தத்துக்கும் கம்பிக்கும் எவ்வளவு, ஏமாற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை ஏய்ப்பது கடினம். ஏமாந்தவருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொள்வது அவசியம்.

பிக்கப் என்ன செய்கிறது?

காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பி. பிக்கப் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், ஒரு சுருளில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது, அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு தொல்லை உண்டு. நம் மின்கம்பிகளில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். பந்தலில் சீரியல் பல்புகளும் டிம்மரும் ஜெனரேட்டரும் இருந்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருக்கும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களால் அந்த இரைச்சலை அடக்கியது.

கர்நாடக இசைக்கும் பிக்கப் புதிதல்ல. ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969ல் பிறந்து, சென்னையில் புகழ்பெற்ற மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின் மாண்டலின். எட்டுத் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக்கொண்டார். தட்டியதும் அடங்கிப்போகும் மாண்டலின் நாதத்தை பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் நீட்டிக் கொடுத்ததால், கமகம் அதில் நின்று பேசியது.

பெயர்களுக்குள் இருக்கும் வேறுபாடு

கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ஸ்லாஷ், 1987ல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் வாசித்தது, கிப்சனின் லெஸ் பால் கிட்டாரைப் பார்த்து கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த கருவி. அதில் இருந்தவை சீமோர் டங்கன் நிறுவனத்தின் ‘அல்நிகோ டூ ப்ரோ’ பிக்கப்புகள். அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம். அதில் இரண்டாம் வகை வலிமை குறைந்தது. நாதம் மென்மையாக, இனிமையாக வரும். பிற்பாடு ஸ்லாஷ் பெயரில் வந்த பிக்கப்பும் அதே காந்தம்தான், சுற்று மட்டும் சற்றுக் கூடுதல். எந்த லெஸ் பாலில் மாட்டினாலும் அந்தப் பழைய கருவியின் கனம் வரட்டும் என்பதே நோக்கம். மின்தடை 8 கிலோ ஓம் வட்டாரத்தில் இருக்கும்.

பான்டெரா குழுவின் டைம்பேக் டாரெல் பெயரிலான ‘டைம்பக்கர்’ இதற்கு நேர் எதிர். செராமிக் காந்தம், தனித்தனி முளைகளுக்குப் பதில் நீளமான இரண்டு எஃகுப் பட்டைகள், சுமார் 16 கிலோ ஓம். ஹெவி மெட்டலுக்கென்றே செய்தது. ஸ்டீவ் வாய்க்காக டிமார்ஸியோ செய்த ‘எவல்யூஷன்’ பிரிட்ஜ் பிக்கப்பிலும் செராமிக்தான். மின்தடை சுமார் 14 கிலோ ஓம். மேல்ஸ்தாயி கூர்மையாக ஒலிக்கும். மெலடிப் பாட்டுக்குத் துணை வாசிப்பவர் இவற்றை மாட்டினால் பாடகரின் குரலோடு மோதுவதே மிச்சம்.

மூன்றாவது வகை ஆக்டிவ் பிக்கப். உள்ளேயே சிறு ப்ரீஆம்ப் இருக்கும், 9 வோல்ட் பேட்டரி வேண்டும். இஎம்ஜி நிறுவனம் இதில் பேர்பெற்றது. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்காக அது 2009ல் தனி வடிவமைப்பில் ஒரு செட் கொண்டுவந்தது. ஆனால் ஸாக் வைல்டு பெயரில் விற்கும் செட்டில் இருப்பவை அதே நிறுவனத்தின் வழக்கமான 81, 85 மாடல்கள்தான். பெயர் இல்லாமல் தனித்தனியாக வாங்கினாலும் அதே பிக்கப்புகள்.

ஒரே கலைஞர் நிறுவனம் மாறுவதும் உண்டு. இங்வி மால்ம்ஸ்டீன் பல ஆண்டுகள் டிமார்ஸியோவின் ‘ஹெச்எஸ்-3’ பயன்படுத்தினார். பிறகு சீமோர் டங்கன் அவர் பெயரில் ‘ஒய்ஜேஎம் ஃப்யூரி’ கொண்டுவந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘யாருடையது?’ என்பதல்ல. என்ன காந்தம், எத்தனை கிலோ ஓம், ஆக்டிவா பாசிவா, தந்தி இடைவெளி எவ்வளவு? ஃபெண்டர் வகை பிரிட்ஜுக்குச் சுமார் 53 மில்லிமீட்டர் இடைவெளியும் கிப்சன் வகைக்குச் சுமார் 50 மில்லிமீட்டரும் வேண்டும்.

போலி எங்கே நுழைகிறது?

2024 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை லாஸ் ஏஞ்சலிஸ் - லாங் பீச் துறைமுகத்தில் 3,000க்கும் மேற்பட்ட போலி கிப்சன் கிட்டார்களைப் பறிமுதல் செய்ததாக அறிவித்தது. அசலாக இருந்தால் 1.8 கோடி டாலர் மதிப்பு. முழுக் கிட்டாரையே போலியாகச் செய்பவர்களுக்கு உள்ளங்கையில் அடங்கும் பிக்கப் பெரிய வேலை இல்லை. ஆக்டிவ் பிக்கப் முழுக்க மூடிய கறுப்புப் பெட்டியாக இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தங்கள் பெயரில் போலிகள் உலவுவதாக இஎம்ஜி நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

‘டைப்’, ‘ஸ்டைல்’ என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். ‘ஸ்லாஷ் ஸ்டைல்’ என்று வெளிப்படையாகச் சொல்லி மலிவுப் பொருள் விற்பது வேறு, அசல் முத்திரையைப் பதித்து விற்பது வேறு. இரண்டாவது குற்றம்.

சால்டரிங் வைப்பதற்கு முன்

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து, நிறுவனம் வெளியிட்ட அளவோடு ஒப்பிடுங்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். குளிரூட்டிய அறையில் 8 கிலோ ஓம் காட்டுவது சித்தூரின் 40 டிகிரி வெயிலில் 8.5 காட்டலாம், அது போலி அல்ல. 16 இருக்க வேண்டிய இடத்தில் 8 காட்டினால் சந்தேகப்படுங்கள். கம்பி மெலிந்தாலும் மின்தடை கூடும் என்பதால் இந்த எண்ணை வைத்து ஒலியின் அளவை முடிவு செய்யக் கூடாது. ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் பேட்டரியைக் கழற்றியும் ஒலி குறையாமல் வந்தால் உள்ளே ப்ரீஆம்பே இல்லை என்று அர்த்தம்.

ஒயர் நிறத்தில் ஏமாறுபவர்களும் உண்டு. சீமோர் டங்கனில் கறுப்பு ஒயர் சிக்னல், பச்சை கிரவுண்ட். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக இணைக்க வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்புதான் சிக்னல், பச்சை கிரவுண்ட். கறுப்பையும் வெள்ளையையும் இணைக்க வேண்டும். ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றை மாட்டினால் ஒலி மெலியும், அல்லது வரவே வராது. ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வேண்டும். பாசிவ் பிக்கப்புக்கு 250 அல்லது 500. சால்டரிங் பட்ட பொருளைத் திரும்ப எடுக்கக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். அதனால் சோதனை முழுவதும் அதற்கு முன்பே முடிய வேண்டும்.

கிட்டாரை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது பிக்கப்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, மின்தடையை ரசீதில் எழுதி வாங்குங்கள். அசலைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் நிரூபிக்க அதுவே ஆதாரம்.

மேடையில் உயிர் ஆபத்து

1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி மேடையிலேயே இறந்தார். பாசிவ் பிக்கப் உள்ள கிட்டாரில் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டோடு இணைந்திருக்கும். மைக் ஒரு லைனிலும் ஆம்ப் இன்னொரு லைனிலும் இருந்து, ஒன்றில் எர்த் அறுந்திருந்தால் வாசிப்பவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புகளுக்குத் தந்தியைக் கிரவுண்டோடு இணைக்கத் தேவையில்லை. அது ஒரு பாதுகாப்பு. எந்த பிக்கப் என்றாலும், பந்தல் மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்பது கலைஞரின் உரிமை. இரைச்சல் குறையட்டும் என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டுவது தற்கொலைக்குச் சமம்.

சட்டம் தரும் உரிமைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அசல் என்று பொய்யாகச் சொல்லி விற்கும் பொருளைப் போலிப் பொருள் என்று வரையறுக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, போலியான, குறையுள்ள, விளம்பரத்தோடு ஒத்துவராத பொருளைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.

‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று தளம் கைகழுவுவதும் எப்போதும் செல்லாது. தர விதிகளை மீறிய 2,265 பிரஷர் குக்கர்கள் விற்கப்பட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு ரூ.1 லட்சம் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது.

கச்சேரி செய்து சம்பாதிப்பவர் நுகர்வோரா என்ற கேள்வி எழும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்குகிறது. பொய் முத்திரையிட்ட பொருளை விற்றால் வணிகச் சின்னங்கள் சட்டம் 1999 பிரிவு 104ன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம்.

காணிப்பாக்கத்தில் விநாயகர் முன் சத்தியம் செய்து தகராறைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. உள்ளூர் கொடுக்கல் வாங்கலில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. ஆனால் எங்கோ இருந்து விற்றவரை அந்தச் சந்நிதிக்கு அழைத்துவர முடியாது. அவருக்கு எதிராக நிற்பவை பில்லும் வீடியோவும் மல்டிமீட்டர் படமும்தான்.

புகார் செய்யும் வழி

முதலில் விற்பவருக்கும் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பணம் வாங்கிக்கொண்டு விற்பவர் மறைந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

தெரிந்தவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பிக்கப் என்றால் நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. பொருள் சொன்னபடி இல்லாவிட்டால் சரக்கு விற்பனைச் சட்டம் 1930ன் கீழ் சிவில் வழக்கு தொடரலாம். திட்டமிட்ட மோசடி என்றால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் போலீசில் புகார் தரலாம். அதனால் அங்கேயும் மாடல் பெயரையும் ‘அசல்’ என்ற உறுதியையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குவது நல்லது.

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். காணிப்பாக்கத்துக்காரர் சித்தூரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் மனு போடலாம். பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ஆய்வு தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்துக்குள்ளும், தேவைப்படுவதை ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் தளங்கள் பொருளைத் திருப்பி அனுப்பத் தருவது சில நாட்கள் மட்டுமே. சவிதிக்காக வாங்குபவர் பார்சல் வந்த அன்றே அளந்து பார்த்துவிட வேண்டும்.