'சக்தி' பிராசசரை நம் கம்ப்யூட்டரில் மாட்டலாமா?

விராலிமலையில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர், "மெட்ராஸ்லயே பிராசசர் பண்றாங்களாமே, வாங்கி இதுல மாட்டலாமா?" என்றார். முடியாது.

ஒவ்வொரு பிராசசருக்கும் புரியும் கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. இன்டெல், ஏ.எம்.டி. சிப்களுக்கு எக்ஸ்86. அதை மற்றவர்கள் இஷ்டம்போல் எடுத்தாள முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி'க்குத் தேர்ந்தெடுத்தது ரிஸ்க்-5. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கியது. உரிமக் கட்டணமே இல்லை! 2018இல் இன்டெல்லின் அமெரிக்க ஆலையில் தயாரான சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது. விண்டோஸ் ஓடாது, அது ரிஸ்க்-5க்காக எழுதப்படவில்லை. நண்பருக்கு ஏமாற்றம்தான்.

காமகோடி 2022 ஜனவரியில் ஐ.ஐ.டி. இயக்குநரானார். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து 'ஐரிஸ்' என்ற விண்வெளிச் சிப்பை அறிவித்தார்கள். அது தயாரானது சண்டிகரில்.