கேமரன் மலைக்கும் பருவங்கள் உண்டு

ஸ்ரீ கெம்பாங்கானிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கேமரன் மலைப் பயணம் என்றாலே பள்ளி விடுமுறை, இல்லாவிட்டால் நீண்ட வார இறுதி. எல்லாரும் ஒரே நாளில் கிளம்புவதால் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை கார்கள் ஊர்கின்றன. அரை நாள் சாலையிலேயே போய்விடுகிறது. மலையில் எந்த மாதம் போனாலும் ஒன்றுதான் என்ற நினைப்பும் இதற்கு ஒரு காரணம். அது பாதி உண்மை. சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் சராசரி வெப்பம் ஆண்டு முழுவதும் 18 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் கிராமங்களில் கோடை பிறந்ததும் மாடுகள் மேட்டு மேய்ச்சலுக்கு ஏறும். இலையுதிர் காலத்தில் கழுத்து மணி ஒலிக்க இறங்கும். பிறகு பனி மூடும். அங்கே ஆண்டைப் பிரிப்பது வெயில். நம் மலையில் மழை.

ஏப்ரல், மே ஒரு மழைக்காலம். அக்டோபர், நவம்பர் அதைவிடப் பெரியது. பிப்ரவரியிலும், ஜூன், ஜூலையிலும் வானம் சற்றே ஓயும். டார்ஜிலிங்கில் குளிர்காலம் வந்தால் தேயிலைச் செடி உறங்கிவிடும். கேமரனில் அந்த உறக்கம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கிறார்கள். ஆனாலும் மழையும் வெயிலும் மாறி மாறி வரும் வாரங்களில் செடி துளிர்க்கும் வேகம் வேறு, காய்ந்த நாட்களில் வேறு. 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் உச்சியின் பாசிக் காடும் ஈர மாதங்களில்தான் முழு உருவில் நிற்கும். ரிங்லெட் நீர்த்தேக்கம் இன்னும் வெளிப்படையாகப் பேசும். வறண்ட நாளில் படம் பிடிக்க ஏற்ற ஏரி. பெருமழைக்குப் பின் செம்மண் குழம்பு. சரிவுகளை வெட்டிப் போட்ட காய்கறித் தோட்டங்களிலிருந்து மண் அங்கே வந்து சேர்கிறது. 2013 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கத்தின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. விடுமுறைக்கு ஸ்ட்ராபெர்ரி பறித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இதில் எதுவும் கண்ணில் படாது.

வில்லியம் கேமரன் 1885இல் ஆய்வு செய்த இம்மலையை ஆங்கிலேயர் குளிர்வாசத்தலமாக்க முனைந்தது 1920களில்தான். 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதிகாரிக்கு மலை என்பது சில வாரக் குளிர்காற்று. தோட்ட லயத்தில் குடியிருந்த தமிழருக்கோ மழையும் வெயிலுமாகப் பன்னிரண்டு மாதம். அந்தத் தமிழரின் வழிவந்தவர்கள் பலர் இன்று அதிகாரியின் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது விசித்திரம்தான்.

விடுமுறைக்கு வெளியே வெவ்வேறு பருவங்களில் பலமுறை போங்கள் என்றால், பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நெரிசல் மிகுவது பொது விடுமுறை ஒட்டிய வார இறுதிகளில். சாதாரண சனி, ஞாயிறு அவ்வளவு மோசமில்லை. ஓய்வுபெற்றவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. மழை ஆபத்து என்ற அச்சத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பர் 16 விடியுமுன் சிலாங்கூரின் பத்தாங் காலி நிலச்சரிவில் முகாமிட்டிருந்த 31 பேர் மாண்டார்கள். சரிவடியில் கூடாரம் போடக்கூடாது, பகலில் மட்டும் வண்டியோட்ட வேண்டும், வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஆண்டிறுதி விடுமுறைக் கூட்டம் மலையேறுவதும் இதே மழை நாட்களில்தானே! பலமுறை போனால் மலைக்குத்தானே பாரம் என்று கேட்பவர்களும் உண்டு. ஹோட்டல்காரர் அறை கட்டுவது உச்சக்கட்டக் கூட்டத்தைக் கணக்கிட்டு. அதே கூட்டம் ஆண்டு முழுவதும் பரவினால் இன்னொரு சரிவை வெட்டும் தேவை குறையும்.

முதல்முறை போகிறவர்கள் பிப்ரவரியில் ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுங்கள்; மறுமுறை மழை மாதத்தில் தானா ராத்தாவிலேயே தங்குங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். போ தோட்டத்தின் சுங்கை பாலாஸ் தேயிலை மையம் அன்று வழக்கமாக மூடியிருக்கும்.