ஐரோப்பிய ஆடைச் சந்தை: பங்கு பிரிப்பது யார்?

2005 ஆகஸ்டில் சீனாவிலிருந்து வந்த ஸ்வெட்டர், பேன்ட், பிரா என 7.5 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் முடங்கின. பல கடைகள் முன்பே ஆர்டர் கொடுத்திருந்த சரக்கு அது. துணியிலோ தையலிலோ குறை இல்லை. அந்த ஆண்டுக்கு அனுமதித்த அளவு தீர்ந்துவிட்டது. செப்டம்பரில் பெய்ஜிங்கில் உடன்பாடு ஏற்பட்ட பிறகே சரக்குக்கு வழி பிறந்தது.

ஆடைச் சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் தைப்பவரின் கைத்திறனைவிட, வாங்கும் நாடுகள் வகுக்கும் விதிகளுக்கே அதிக வலு.

ஒதுக்கீடு போனது

வளரும் நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்கு 1974 முதல் நாடுவாரியாக வரம்பு இருந்தது. அந்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. நூல் முதல் பொத்தான் வரை உள்நாட்டிலேயே கிடைக்கும் சீனாவின் சரக்கு வந்து குவிந்தது. பதறிய ஐரோப்பிய ஒன்றியம் ஜூனில் மீண்டும் வரம்பு போட்டதால்தான் துறைமுகங்களில் அந்தத் தேக்கம். இன்று அங்கு ஆடை விற்கும் வெளிநாடுகளில் முதல் மூன்று இடங்களில் இருப்பவை சீனா, வங்கதேசம், துருக்கி.

வரிச்சலுகையின் பலம்

பருத்தி டி-சர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமான தீர்வை 12%. வங்கதேசம் போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு அது இல்லை. 3 யூரோ டி-சர்ட்டுக்கு 36 சென்ட் மிச்சம். சென்ட் கணக்கில் பேரம் நடக்கும் தொழிலில் அது பெரிய தொகை. 2011-இல் விதி இன்னும் தளர்ந்தது: சீனத் துணியை வாங்கி, வங்கதேசத்தில் தைத்தாலே போதும், சலுகை உண்டு. பின்னலாடையோடு சட்டை, பேன்ட் ஆர்டர்களும் பெருகின. தொழில் வளர்ந்த வேகத்துக்குப் பாதுகாப்பு வளரவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று அங்கு ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தூரமும் ஒரு விலை

துருக்கி 1996 முதல் ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. அங்கு லாரியில் ஏற்றிய சரக்கு சில நாட்களில் ஜெர்மனி சேரும். வங்கதேசத்தின் சிட்டகாங்கிலிருந்து கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். மொராக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே கடல் சுமார் 14 கி.மீ.தான். கடையில் ஒரு மாடல் திடீரென ஓடினால், மறு ஆர்டருக்குப் பக்கத்து நாடுகளே தோது. ஆண்டு முழுதும் விற்கும் சாதாரண உடைகளில் ஆசியாவின் கை ஓங்கியிருக்கிறது.

கொடுத்ததைப் பறிக்கவும் செய்வார்கள்

மனித உரிமைக் காரணத்தால் இலங்கை 2010-இல் இழந்த சலுகை, 2017-இல்தான் திரும்பியது. கம்போடியா 2020-இல் ஒரு பகுதியை இழந்தது. பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற 2026 நவம்பர் எனக் காலம் குறிக்கப்பட்டது. அதன்பின்னும் சலுகை தொடர ஐரோப்பா தரும் அவகாசம் 3 ஆண்டுகள்.

சலுகையை மட்டும் நம்பி வளர்ந்த தொழில், அது போகும் நாளில் தொழிலாளியின் கூலியில்தான் முதலில் கைவைக்கும். அவகாசம் இருக்கும்போதே சொந்த நூற்பாலைகளையும் பாதுகாப்பான ஆலைகளையும் அமைத்துக்கொள்வதே அரசுகளின் கடமை.