ஆயில் குடிக்கும் கார்கள்! சொந்தக்காரர்கள் திண்டாட்டம்

குளத்தூர்:

டாங்கு நிறையப் பெட்ரோல் போட்டாலும் சில கார்களுக்குப் போதவில்லை. என்ஜின் ஆயிலும் லிட்டர் லிட்டராகக் கேட்கின்றன!

தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. யாரும் திருடிக்கொண்டு போகவும் இல்லை. ஆனால் போன மாதம் ஊற்றிய ஆயில் இந்த மாதம் மாயம்!

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் தாலுகாவில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கீரனூர், குளத்தூர், மாத்தூர் பக்கத்து ஜனங்களுக்கு வேலை, வியாபாரம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் திருச்சி, மறுபக்கம் புதுக்கோட்டை. இந்த ரோட்டில் முழு நடை போய் வந்தால் 100 கிலோமீட்டருக்குக் குறையாது. பத்தே நடையில் 1,000 கிலோமீட்டர் ஓடிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும் வண்டி மாதம் 25 நாள் இப்படி ஓடினால் இரண்டரை லிட்டர் காலி. லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,000 ரூபாய், வருடம் 12 ஆயிரம் ரூபாய் புகையாகப் போகிறது!

பணத்தோடு போனால் பரவாயில்லை. கவனிக்காமல் விட்டால் என்ஜினே போய்விடும்.

திருடன் எங்கே?

திருடன் வெளியே இல்லை. என்ஜினுக்கு உள்ளேதான் இருக்கிறான்.

சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கும். பிஸ்டன் ரிங் என்பது இதைத்தான். கடைசி வளையத்துக்கு ஆயில் ரிங் என்று பெயர். சிலிண்டர் சுவரில் ஒட்டும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது இதன் வேலை.

ரிங் தேய்ந்தாலும், கரி பிடித்து இறுகினாலும், ஆயில் இறங்கும் சின்னத் துளைகள் அடைத்துக்கொண்டாலும் ஆயில் மேலே ஏறிவிடும். பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து சைலன்சர் வழியே வெளியே போய்விடும். வால்வு சீல் கெட்டாலும் இதே கதைதான். டர்போ வண்டியில் அந்த டர்போவும் ஆயிலைக் கக்கும்.

புகையைப் பார்த்தால் துப்புக் கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் மேல் சந்தேகம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால், ரிங் மேல் சந்தேகம். கறுப்புப் புகை என்றால் அது ஆயில் அல்ல, எரிபொருள் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை விடாமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எல்லா வண்டியும் புகை காட்டாது. கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தால் கண்ணுக்கே தெரியாது.

அம்பாசிடர் வேறு, இது வேறு

"அந்தக் காலத்து அம்பாசிடரும் ஆயில் கேட்கும்தானே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

கேட்டது உண்மை. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அந்தக் காரில் வெகுகாலம் இருந்தது இங்கிலாந்துக்காரன் வடிவமைத்த 1,489 சி.சி. என்ஜின். அதன் கிராங்க் ஷாப்டின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மரை மாதிரி ஒரு பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். அதனால் நிறுத்திய இடத்தில் சொட்டுப் போடும். அட்டையை விரித்து வைத்தால் தெரிந்துவிடும்.

அது ஒழுகல். இது எரிதல். ஒழுகலுக்குத் தரையில் சாட்சி உண்டு. எரிதலுக்குச் சாட்சியே கிடையாது. இங்கேதான் சொந்தக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

"அதெல்லாம் சகஜம் சார்!"

வாரண்டி உள்ள கார் ஆயில் குடிக்கிறது என்று சொன்னால், "எல்லா என்ஜினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும் சார், ஓட ஓட சரியாயிடும்" என்று பதில் வருவது உலகம் முழுக்க நடக்கும் கதை.

கொஞ்சம் எரிவது சகஜம்தான். கேள்வி என்னவென்றால், எவ்வளவு வரை சகஜம்?

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2015-ல் இதைத் தோண்டியது. 2010 முதல் 2014 வரையிலான மாடல்களில் சுமார் 5 லட்சம் கார்களின் விவரத்தைச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கியது. ஆடி, பி.எம்.டபிள்யூ., சுபாரு கம்பெனிகளின் சில என்ஜின்கள் அதிகமாக ஆயில் குடிப்பது அம்பலமானது. சில மாடல்களுக்குக் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை சகஜம் என்று கம்பெனியே கணக்கு வைத்திருந்ததும் வெளியே வந்தது!

கோர்ட்டுக்குப் போனார்கள்

அந்த நாட்டுச் சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை.

ஹோண்டாவின் ஆறு சிலிண்டர் கார்களில் மைலேஜுக்காகப் பாதி சிலிண்டர்களை நிறுத்தி ஓட்டும் ஏற்பாடு இருந்தது. ஆயில் ஏறி பிளக் கெடுகிறது, என்ஜின் உதறுகிறது என்று 2012-ல் வழக்கு வந்தது. 2013-ல் சமரசம் ஆனது. சுமார் 16 லட்சம் கார்களுக்கு இந்தக் கோளாறுக்கான வாரண்டி 8 ஆண்டாக நீட்டப்பட்டது.

சுபாரு மீது 2014-ல் வழக்கு. 2016 சமரசத்தில் 5 ஆண்டு வாரண்டி 8 ஆண்டு ஆனது. 60 ஆயிரம் மைல் என்பது ஒரு லட்சம் மைல் ஆனது. அதாவது சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர்.

டொயோட்டாவின் 2.4 லிட்டர் என்ஜின் கேம்ரி கார்களிலும் இதே புகார். 2007, 2008, 2009 மாடல்கள் இதில் அடங்கும். 2015-ல் கம்பெனி 10 ஆண்டு வரை இலவச ரிப்பேருக்கு இறங்கி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் ஆயில் பரீட்சை! ஆயிலை நிறைத்து, 1,200 மைல் ஓட்டி, திரும்ப அளந்து பார்க்க வேண்டும். ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தரப்படும்.

நம் கணக்கில் இது 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் அரை லிட்டர்.

ஹோண்டாவும் சுபாருவும் தங்கள் மேல் தப்பு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இறங்கி வந்தார்கள். காரணம், ஜனங்கள் கையில் இருந்த எண்கள்.

நீங்களும் அளக்கலாம்

இதற்கு ஒர்க்ஷாப் வேண்டாம். ஒரு துணி, ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுசாக விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை ஆயிலை நிறையுங்கள். கோட்டைத் தாண்டக் கூடாது.

தேதி, மீட்டர் கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் எழுதுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப மேல் கோடு வரை ஊற்றுங்கள். எவ்வளவு பிடித்ததோ அதுதான் உங்கள் கார் குடித்த அளவு. மூன்று தடவை இப்படிச் செய்தால் யாரும் மறுக்க முடியாத கணக்கு ரெடி.

முடிந்தால் சர்வீஸ் சென்டரிலேயே அளக்கச் சொல்லி, ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். கம்பெனி சொன்ன கிரேடு ஆயில்தானா, சர்வீஸ் நேரத்துக்கு நடந்ததா என்று முதலில் கேட்பார்கள். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

சிவப்பு விளக்கை நம்பாதீர்கள்

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இது ஆபத்து!

பல கார்களில் அந்த விளக்கு காட்டுவது ஆயில் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போவது குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஓரம் கட்டி உடனே என்ஜினை அணைக்க வேண்டும். "கீரனூர் வந்துடும், போயிடலாம்" என்று மிதித்தால் என்ஜின் சீஸ் ஆகிவிடும். பிறகு செலவு ஆயிரத்தில் நிற்காது.

போலீஸ் தொல்லையும் உண்டு. 2019 திருத்தத்தின்படி புகை விதியை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில்!

பழைய கார் வாங்குகிறீர்களா?

இங்கேதான் தில்லுமுல்லு அதிகம். ஆயில் குடிக்கும் வண்டியில் கெட்டியான ஆயிலையோ மருந்தையோ ஊற்றினால் சில நாள் புகை அடங்கும். அதற்குள் கைமாற்றி விடுவார்கள்.

எனவே காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள்! முதல் ஸ்டார்ட்டின்போது சைலன்சர் பக்கம் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

எங்கே முறையிடுவது?

2019 நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் வாங்கியது சென்னையானாலும் சரி, கோவையானாலும் சரி, குளத்தூர்க்காரருக்குப் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கே விசாரிக்கலாம். 5 லட்சம் வரை கோர்ட்டுக் கட்டணம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் ஆலோசனை வேண்டுமானால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மஞ்சள் போர்டு டிரைவர்கள் கவனிக்க: வியாபாரத்துக்கு வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தன் பிழைப்புக்காக, தானே ஓட்டுவதற்காக வாங்கியவருக்குப் பொருந்தும்.

"ஆயில் குறையுது" என்று வாயால் சொன்னால் "சகஜம்" என்று வாயாலேயே பதில் வரும். "இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை மில்லி" என்று நோட்டை நீட்டினால், அவர்களும் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்!