வண்டியைத் தாழ்த்த வேண்டாம், மேட்டை உயர்த்துங்கள்!

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பீங்கான். அகல் விளக்கு, பொம்மை, மின்சாரச் சாதனங்களுக்கான பீங்கான் பாகங்கள் என்று பலவும் இங்கே தயாராகின்றன. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. விவசாயிகளுக்கோ இது மணிலாவும் முந்திரியும் விளையும் ஊர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், மூட்டைகள் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் உள்ள ஊர். பீங்கான் பெட்டியானாலும் மணிலா மூட்டையானாலும் இன்று பெரும்பாலும் பயணம் போவது பிக்கப் வண்டியில்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்று பெயர் வாங்கியதிலிருந்து, சிறு விவசாயிகளின் வாசலிலும் இப்படி ஒரு வண்டி நிற்கத் தொடங்கிவிட்டது.

இந்த வண்டிகளைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காலியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஆடு, கன்று ஏற்றவும் உயரமாக இருக்கிறது. பின்பக்கப் பட்டையில் ஒன்றைக் கழற்றிவிட்டுத் தாழ்த்திக்கொள்ளலாமா? வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறார்களே?"

கேள்வியில் உள்ள இரண்டு தொல்லைகளும் உண்மையானவை. ஆனால், அதற்குச் சொல்லப்படும் வைத்தியம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

பட்டை ஏன் விறைப்பாக இருக்கிறது?

பிக்கப் வண்டியின் பின் அச்சு, அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டைகளின் மேல் வண்டியைத் தாங்குகிறது. முழுச் சுமை ஏறினாலும் உட்கார்ந்துவிடாத அளவுக்கு அவற்றை அமைத்திருப்பார்கள். அதனால், காலி வண்டியில் அந்தப் பட்டைகள் வளைய வேலையே இல்லை. குதிப்பது பழுது அல்ல. சுமை இல்லாததுதான் காரணம்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு பக்கத்தில் ஒரே கனமுள்ள 5 பட்டைகள் 1,000 கிலோவைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பட்டைக்கு 200 கிலோ. ஒன்றை எடுத்துவிட்டால் மீதி நான்கும் தலைக்கு 250 கிலோ சுமக்க வேண்டும். அதாவது, ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு பாரம் கூடுகிறது. காலியாகப் போகும்போது சுகமாகத்தான் இருக்கும். மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மேலெழும்பி சட்டத்தில் இடிக்கும். பட்டை முறிவதும், டயர் உரசிக் கிழிவதும் அங்கேதான் தொடங்கும்.

பிரேக்குக்கும் பட்டைக்கும் என்ன தொடர்பு?

பலருக்கும் தெரியாத ஆபத்து இங்கே ஒளிந்திருக்கிறது. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு கம்பியோடு இணைந்த பிரேக் வால்வு இருக்கும். சுமை ஏறினால் சட்டம் அச்சை நெருங்கும். அந்த இடைவெளியை வைத்தே வால்வு சுமையை அறிந்து, பின் சக்கரத்துக்குக் கூடுதலாகப் பிரேக் அழுத்தம் கொடுக்கும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

பட்டையைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால், சட்டம் எப்போதும் அச்சுக்கு நெருக்கமாகவே நிற்கும். காலி வண்டியையும் சுமை வண்டி என்று வால்வு நம்பிவிடும். அவசரத்துக்கு பிரேக் மிதித்தால், பாரமே இல்லாத பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த தார்ச் சாலையில் இது நடந்தால் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரருக்குத் தப்ப வழியில்லை.

முகப்பு விளக்கும் மாறிப்போகும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும். விளக்கின் ஒளி சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும்.

வீட்டில் கழற்றுவது கூடுதல் ஆபத்து

பட்டைகள் வளைவாக அழுத்திக் கட்டப்பட்டவை. அடுக்கின் நடுவே உள்ள சென்டர் போல்ட்டைத் தளர்த்தும்போது அவை விசையோடு விரிந்து தெறிக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது அதைவிட மோசம். மண் தரையில் ஜாக்கி சரிய ஒரு நொடி போதும். யு போல்ட்டைச் சரியான முறுக்கத்தில் இறுக்காவிட்டால் ஓட்டத்தில் தளர்ந்து அச்சே இடம் மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது வண்டி திருப்பி அனுப்பப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் வில்லங்கம் வரலாம்.

தானாகவே தாழ்ந்திருந்தால்?

சில வண்டிகள் யாரும் தொடாமலே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். சமதரையில் காலியாக நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள விளிம்பு வரை இருபுறமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் பட்டை முறிந்தோ தளர்ந்தோ இருக்கலாம். பட்டையை மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

குதிப்பைக் குறைக்க நல்ல வழிகள்

* டயர் காற்று: ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டையிலோ வண்டிக் கையேட்டிலோ காலி வண்டிக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால் அதன்படி வையுங்கள். முழுச் சுமைக் காற்றோடு காலியாக ஓட்டினால் குதிப்பு கூடும். சுமை ஏற்றும் முன் மறக்காமல் கூட்ட வேண்டும்.
* ஷாக்கிள், புஷ், ஷாக் அப்சார்பர்: வறண்டு துருவேறிய ஷாக்கிளும் எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரும் பாதித் தொல்லைக்குக் காரணம். கிரீஸ் அடிக்கும் அமைப்புள்ள வண்டியில் தவறாமல் அடியுங்கள்.
* சுமை வைப்பு: கனமானதைத் தரையோடு, பின் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். கடைசி ஓரத்தில் குவித்தால் குதிப்பும் ஆட்டமும் கூடும்.
* பீங்கான்காரர் பாடம்: உடையும் பொருளைக் கட்டுபவர்கள் வண்டியை மாற்றுவதில்லை. வைக்கோலும் அட்டையும் இட்டு, அசைய இடம் விடாமல் கட்டுகிறார்கள். தக்காளிக் கூடைக்கும் பலாப்பழத்துக்கும் இதே முறை பொருந்தும். அடியில் ஒரு சாண் வைக்கோல், கூடைகளுக்கு இடையே காலிச் சாக்கு, மேலே இறுக்கமாகக் கயிறு. இவ்வளவே.

ஏற்றும் மேடு அமைப்பது எப்படி?

தொட்டியின் தளம் 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். களத்து ஓரத்தில் 3 அடி உயரம், 8 அடி அகலம், 6 அடி நீளத்துக்கு ஒரு மண்மேடை அமையுங்கள். அதன் பின்னால் 12 அடி நீளத்துக்குச் சரிவு விடுங்கள். இந்தச் சரிவில் மாடு, ஆடு தயங்காமல் ஏறும். மூட்டையை இருவர் தூக்க வேண்டியதில்லை, தள்ளுவண்டியில் கொண்டுவரலாம்.

மேடைக்கு 144 கன அடி, சரிவுக்கு 144 கன அடி. ஆக மொத்தம் 288 கன அடி, அதாவது ஏறக்குறைய 3 யூனிட் கிராவல் மண். இடித்துக் கெட்டிப்படுத்தும்போது மண் அமுங்கும் என்பதால் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அரை அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து இடியுங்கள். வண்டி வந்து நிற்கும் முகப்பிலும் இரு பக்கமும் கருங்கல் அல்லது ஹாலோபிளாக் சுவர் எழுப்புங்கள். சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டையைப் பதித்துவிட்டால் வண்டி சுவரில் மோதாது.

இடமில்லாதவர்கள் 10 அடி நீளமுள்ள கனமான பலகையைச் சாய்த்துப் பயன்படுத்தலாம். அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அடித்தால் கால்நடையின் குளம்பு வழுக்காது. பலகையின் மேல் நுனியில் கொக்கி வைத்து, தொட்டியோடு மாட்டிய பிறகே ஏற்ற வேண்டும்.

மேடு ஒருமுறை போட்டால் பல வருடம் உழைக்கும். பக்கத்து வயல்காரருக்கும் பயன்படும். வண்டியின் பட்டை அப்படியே இருக்கட்டும். அதைத் தயாரித்தவர் சுமைக்கும் பிரேக்குக்கும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்.