பல்கலைக்கழகச் சொற்பொழிவுக்கு நாமும் போகலாம்

பல்கலைக்கழகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பட்டமளிப்பு விழாப் படம்தான். கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் அணிந்து மகனோ மகளோ நிற்க, இரு பக்கமும் அப்பாவும் அம்மாவும் கூச்சத்தோடு நிற்பார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியதும் பல்கலைக்கழகத்துக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம்.

அது அப்படி முடிந்துவிடுவதில்லை. பல்கலைக்கழகங்களுக்குள் ஆய்வுக் கழகங்கள் என்று சில உண்டு. அங்கே நடக்கும் சொற்பொழிவுகளில் பல, மாணவர் அல்லாதவர்களுக்கும் திறந்தவை. கட்டணம் இல்லாதவையும் நிறைய. அவற்றுள் சிலவற்றில் பேசப்படுவதோ நம்மைப் பற்றித்தான். நம்மைப் பற்றிப் பேசும் இடத்தில் நாம் மட்டும் இல்லாமல் இருப்பது முறையா? வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பல துறை என்றால் என்ன?

இப்படிப்பட்ட கழகங்களைப் பல்துறை ஆய்வுக் கழகங்கள் என்பார்கள். பெயர் கடினம், பொருள் எளிது. தோட்டத்துக் கதை ஒன்றைச் சொன்னால் விளங்கிவிடும்.

1901-ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். கிள்ளான் நகரிலும், அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினார்கள். சுற்றியிருந்த காட்டை அழித்தார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. இதையே எல்லாத் தோட்டங்களிலும் செய்தால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், குன்றுப் பகுதித் தோட்டங்களில் காட்டை வெட்டிய பிறகும் காய்ச்சல் அடங்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. தாழ்நிலத்துக் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். குன்றுப்புறத்துக் கொசு வேறு இனம். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் பிடிக்கும். காட்டை வெட்டினால் ஓடையில் வெயில் படும். வெயில் பட்டால் அந்தக் கொசு பெருகும். எனவே அங்கே நிலத்துக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்தார்கள். நீர் நிற்கும் இடங்களில் எண்ணெய் தெளித்தார்கள்.

இந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டியிருந்தது பாருங்கள். மருந்து தெரிந்த மருத்துவர், கொசுவின் இனம் பிரிக்கத் தெரிந்தவர், வடிகால் போடும் பொறியாளர், செலவுக் கணக்குப் பார்க்கும் தோட்ட நிர்வாகி, ‘கொய்னா கசக்கிறது’ என்று துப்பிவிடும் தொழிலாளியின் மனம் அறிந்தவர் ஆகிய இத்தனை பேரும் ஒன்றுகூட வேண்டும். ஒரு காய்ச்சலுக்குள் ஐந்து பாடங்கள் இருக்கின்றன. இப்படி வெவ்வேறு பாடம் படித்தவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பதுதான் பல்துறை ஆய்வுக் கழகத்தின் வேலை.

நமக்கு அருகிலேயே

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஏஷியா ரிசர்ச் இன்ஸ்டிடியூட் என்னும் ஆசிய ஆய்வுக் கழகம் 2001-இல் தொடங்கப்பட்டது. தென்கிழக்காசிய வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற அந்தோணி ரீட் அதன் முதல் இயக்குநராக இருந்தார். குடிபெயர்தல், நகரங்கள், சமயம், குடும்பம் என்று பிரிவு பிரிவாக அங்கே ஆய்வு நடக்கிறது. குடிபெயர்தல் பற்றிய ஆய்வில் பெயர்பெற்றவர் பிரெண்டா இயோ என்ற பெண் பேராசிரியர். புவியியல் துறையின் நோபல் என்று சொல்லப்படும் வாட்ரின் லூட் பரிசை 2021-இல் பெற்றவர். பிள்ளைகளைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு அந்நிய நாட்டில் வீட்டு வேலை செய்யும் தாய்மார்களின் நிலையும் இவருடைய ஆய்வுப் பொருள்களில் ஒன்று. அந்தத் துயரம் நமக்குப் புதியதா என்ன?

மலேசியாவில், பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் இனவியல் ஆய்வுக் கழகம் 2007-இல் அமைந்தது. அதன் மலாய்ப் பெயரைச் சுருக்கினால் ‘கீத்தா’ என்று வரும். ‘நாம் எல்லாரும்’ என்பது அந்தச் சொல்லின் பொருள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அறிவிப்பை எப்படிப் படிப்பது?

இப்படிப்பட்ட கழகங்கள் வரப்போகும் நிகழ்ச்சிகளின் பட்டியலை முன்கூட்டியே இணையத்தில் வெளியிடுகின்றன. பட்டியலில் நான்கு வகை இருக்கும். சொற்பொழிவு என்றால் ஒருவர் பேசுவார், பலர் கேட்பார்கள். கருத்தரங்கு என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் கேள்வி. பயிலரங்கு என்றால் ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளைத் தமக்குள் அலசுவது. பெரும்பாலும் வெளியாருக்கு இடம் இருக்காது. நான்காவது நூல் அறிமுகம். இதற்குப் பொதுமக்களைத் தாராளமாக வரவேற்பார்கள்.

ஒவ்வோர் அறிவிப்பிலும் தலைப்புக்குக் கீழே ஒரு பத்தி இருக்கும். பேச்சின் சுருக்கம் அதுதான். தலைப்பு வாயில் நுழையாததாக இருந்தாலும் அஞ்சாதீர்கள்; அந்தப் பத்தியைப் படியுங்கள். தோட்டம், குடிபெயர்தல், கோயில், தாய்மொழிப் பள்ளி, வீடமைப்பு என்று நமக்குத் தெரிந்த ஒரு சொல் அதில் இருந்தால் அந்தக் கூட்டம் நமக்கு உரியது.

பட்டறை தொடங்கிய பெண்மணி

‘பெரிய படிப்பாளிகள் பேசும் இடத்தில் பால்மரம் வெட்டியவனுக்கு என்ன வேலை?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

1933-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் திக்குவாய். பெண் பிள்ளைக்குத் திரிகோண கணிதம் எதற்கு என்று பள்ளியில் தடுத்தார்கள். அந்தக் கணிதம் இல்லாததால் பிறகு பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்க இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியல் படித்தார். 1973-இல் கணவர் வின்சென்டுடன் சேர்ந்து இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக் கழகம் தொடங்கினார். அதற்குக் கழகம் என்றோ நிலையம் என்றோ பெயர் வைக்கவில்லை. ‘பட்டறை’ என்றே பெயர் வைத்தார்கள். இருவரும் ஒரு தச்சரோடு சேர்ந்து மர வேலை பழகியவர்கள். குருவும் சீடனும் ஒரே மரத்தில் கை வைத்துச் செய்வதுபோல ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

நேப்பாளத்தில் வாய்க்கால் பாசனத்தை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். அரசாங்கம் சிமென்டு போட்டுக் கட்டி நிர்வகித்த வாய்க்கால்களைவிட, விவசாயிகளே வெட்டி, தங்களுக்குள் முறை வைத்துப் பார்த்துக்கொண்ட வாய்க்கால்கள் பொதுவாக நல்ல விளைச்சல் தந்தன. கடைமடைக்கும் தண்ணீர் போயிற்று. தண்ணீரைப் பயன்படுத்துகிறவனிடம் போய்க் கேட்டதால் கிடைத்த உண்மை இது. 2009-இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பரிசுப் பணத்தையும் பட்டறைக்கே கொடுத்தார். 2012-இல் காலமானார்.

படிக்காதவனின் அனுபவமும் ஓர் அறிவுதான். அதையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.

எண்ணிக்கை அவர்களிடம், பெயர்கள் நம்மிடம்

சுனில் அம்ரித் என்ற வரலாற்றாசிரியர் வங்கக் கடலைக் கடந்தவர்களைப் பற்றி 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1840 முதல் 1940 வரையான நூறு ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்குச் சுமார் 40 இலட்சம் பேரும், இலங்கைக்கு 80 இலட்சம் பேரும் பயணம் செய்தனர் என்பது கணக்கு. இந்த எண்ணிக்கையைப் பழைய ஏடுகளிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துவிடலாம். அந்த 40 இலட்சத்தில் உங்கள் பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார், கப்பலில் என்ன சாப்பிட்டார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார் என்பது எந்த ஏட்டில் இருக்கிறது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் கோல்ப் திடலுக்கும் விற்கப்பட்டும், எத்தனையோ லயங்கள் இடிந்துவிட்டன. கோயில்கள் இடம் மாறின. பள்ளிகள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. விவரம் தெரிந்த முதியவர் ஒருவர் கண் மூடும்போது ஒரு தோட்டத்தின் வரலாறே அவரோடு போய்விடுகிறது. நாம் சொல்லாவிட்டால், நம் கதையை மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த அளவில் எழுதுவார்கள். பிறகு குறை சொல்லிப் பயனில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

முதலில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு பெரும்பாலும் இணையத்தில்தான். வீட்டிலுள்ள பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிடும். தொலைவில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே கணினியில் கேட்கும் வசதியும் சில கூட்டங்களுக்கு உண்டு.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மலேசியாவில் மலாயிலும் இருக்கும். ஆறாம் படிவத்திலோ கல்லூரியிலோ படிக்கும் மகனையோ மகளையோ உடன் அழைத்துப் போங்கள். உங்களுக்கு மொழி விளங்கும். பிள்ளைக்கு உலகம் விளங்கும்.

கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சுருக்கமாகக் கேளுங்கள். நீண்ட உரை ஆற்ற வேண்டாம். “எங்கள் தோட்டத்தில் இது வேறு விதமாக நடந்தது, நீங்கள் அதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டாலே போதும். உண்மையான ஆய்வாளர் கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி வருவார்.

பழைய சம்பளச் சீட்டு, கடப்பிதழ், பள்ளிப் படம் முதலியவற்றை ஆய்வுக்குக் கேட்டால் நகல் எடுத்துக் கொடுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பெயரை எழுதலாமா கூடாதா என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துச் சங்கங்களும் கோயில் குழுக்களும் ஆண்டுக்கு ஒருமுறை உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்கின்றன. வரும் ஆண்டில் அந்தப் பேருந்தை ஒரு பல்கலைக்கழகச் சொற்பொழிவுக்குத் திருப்பினால் என்ன? திரும்பி வரும்போது பெரியவர்கள் பேசுவதற்குப் பழைய கதை இருக்கும். அதைக் குறித்து வைக்கப் பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.