கணக்கு டீச்சர்கள் நடிக்க வேண்டிய வேஷம்!

புதுச்சத்திரம்—

"அரையையும், மூன்றில் ஒன்றையும் கூட்டினால் எவ்வளவு?"

ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யாராவது ஒரு பிள்ளை "அஞ்சுல ரெண்டு சார்!" என்று சொல்லும். மேலே இருப்பதை மேலோடும், கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிடும்.

"தப்பு, உட்காரு" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்தப் பிள்ளை அப்புறம் அந்த வருஷம் முழுவதும் வாய் திறக்காது!

12 முட்டைதானா?

சேலத்தில் இருந்து நாமக்கல் போகும் சாலையில், ஆண்டகளூர் கேட்டைத் தாண்டினால் புதுச்சத்திரம். சுற்றிலும் கோழிப்பண்ணை வட்டாரம். முட்டைக் கணக்கு இங்கே பிள்ளைகளுக்குப் புதிது அல்ல.

ஒரு அட்டையில் 30 முட்டை. அரை அட்டை என்றால் 15. மூன்றில் ஒரு பங்கு என்றால் 10. ஆக மொத்தம் 25. அதாவது ஆறில் ஐந்து பங்கு.

"அஞ்சுல ரெண்டு" என்றால் 12 முட்டைதான் வரும்!

"அரை அட்டையிலேயே 15 இருக்குதே. இன்னும் 10 போட்ட பிறகு 12 ஆகக் குறையுமா?" என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்டால் போதும். தப்புச் சொன்ன பிள்ளை தானே சிரித்துக் கொண்டு திருத்திக் கொள்ளும்.

வாத்தியார் கேட்டால் பயம். கூட்டாளி கேட்டால் பேச்சு!

பயிற்சியில் என்ன செய்யலாம்?

பிள்ளைகளை அப்படிப் பேச வைக்க, முதலில் டீச்சருக்குப் பழக்கம் வேண்டும். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும், வட்டார வள மையத்திலும் பயிற்சிக்கு வருகிறவர்களை நாலு நாலு பேராக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம்.

ஒருவர் பேச்சை நடத்துவார். ஒருவர் "ஏன்? எப்படி?" என்று குடைவார். ஒருவர் எழுதுவார். நாலாவது ஆள்தான் முக்கியம். அவருக்குத் தப்புப் போடும் பிள்ளை வேஷம்!

இந்த வேஷம் லேசு அல்ல. "அஞ்சுல ரெண்டு" என்று சும்மா சொன்னால் போதாது. அந்தப் பிள்ளை எதை நினைத்து அப்படிக் கூட்டியது என்று மனதுக்குள் போய்ப் பார்த்து, விடாமல் வாதாட வேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தவர்கள்தான் இதில் அதிகம் திணறுவார்கள்!

எழும்பூரில் பிறந்தது

பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் பழசுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைத் தாத்தாமார் நன்றாக அறிவார்கள். (அவர் பிரம்பையும் சேர்த்து அறிவார்கள்!)

1789-ல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் 8 வயதுப் பையனையே எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது சீமையில் பரவியது.

ஆனால் சட்டாம்பிள்ளை ஒப்பிக்க வைப்பார். பேச விட மாட்டார். இப்போது வேண்டியது பேச்சு. 2007-க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி வந்தபோது குழுவாக உட்காருவது, மனவரைபடம் போடுவது எல்லாம் வந்தன. குழுவுக்குள் யார் பேசினார்கள் என்பதுதான் கேள்வி.

பேனா யார் கையில்?

நாலு பேர் உட்கார்ந்தால் குரல் பெரிதாக உள்ளவர் தலைவர் ஆகிவிடுவார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பேனாவைப் பெண்ணிடம் நீட்டுவார்கள். அவர் கடைசி வரை எழுதிக் கொண்டே இருப்பார்!

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தின் எலிசபெத் கோஹன் 1986-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் அலசினார். "கெட்டிக்காரர்" என்று பெயர் வாங்கியவரே பேசுவார், மற்றவர் ஒதுங்குவார். அதனால் ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள், அதை மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்றார்.

இன்று எழுதியவர் நாளை குடைய வேண்டும். நாளை குடைந்தவர் மறுநாள் தப்புப் போடும் பிள்ளையாக வேண்டும்.

இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு

"இதெல்லாம் பெரிய ஊருக்குச் சரி" என்று சிலர் சொல்லலாம். உண்மையில் சின்ன ஊருக்குத்தான் இது அவசரத் தேவை. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே டீச்சர்கள்; வகுப்போ ஐந்து. ஒரு டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கும் நேரத்தில், நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என்ன செய்யும்? வாய்ப்பாட்டைக் கத்தும். அல்லது சண்டை போடும்.

அந்த அரை மணி நேரத்தில் நாலு பிள்ளைகள் ஒரு காலி முட்டை அட்டையையும் கொஞ்சம் புளியங்கொட்டையையும் வைத்துக் கொண்டு, "நீ கேளு, நான் சொல்றேன், அவ எழுதட்டும்" என்று உட்காரலாம். டீச்சர் பயிற்சியில் ஒரு தடவையாவது அந்த நாலு வேலையையும் செய்து பார்த்திருந்தால்!